கரைகிற மருந்து கசடில் தங்குமா?

கோத்தகிரி பக்கம் விடுதி நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். தரையும் கழிப்பறையும் கழுவ, பென்சால்கோனியம் குளோரைடு கலந்த கிருமிநாசினியை வாங்குகிறாராம். விடுதிக்குச் சொந்தமாக நாளுக்கு 20,000 லிட்டர் கொள்ளும் சின்ன சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதில் சேரும் கசடைப் பக்கத்துக் கேரட் தோட்டக்காரர் எருவுக்குக் கேட்கிறார். மருந்து விற்பவரோ, "இது நூறு சதவீதம் தண்ணியில கரையுற சரக்குங்க, தண்ணியோடயே போயிடும், ஸ்லட்ஜ்ல ஒண்ணும் நிக்காது" என்கிறார். அது சரியா, சோதித்துப் பார்க்க வழி உண்டா என்பது கேள்வி.

பார்க்க ஒரு கேள்விதான். பிரித்தால் மூன்று வரும். மருந்து நீரில் எவ்வளவு கரையும்? கரைந்ததில் எவ்வளவு கசடில் ஒட்டும்? ஒட்டிய கசடைக் கேரட் வயலில் போடலாமா? விற்பவர் முதல் கேள்விக்கான விடையை எடுத்து இரண்டாவதற்குப் போட்டுவிட்டார். மூன்றாவதற்கு இந்த வகைச் சோதனை எதுவும் தனியாக விடை தராது. கழிவுநீர் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் கழித்தவன் என்ற முறையில், எதை உறுதியாகச் சொல்லலாம், எதை உங்கள் கசடை அளந்த பிறகுதான் சொல்ல முடியும் என்று பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். பென்சால்கோனியம் நீரில் நன்றாகக் கரையும். விற்பவர் அதில் பொய் சொல்லவில்லை. ஆனால் கரைவது என்பது நீரை விட்டுப் போகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. திருப்பூர் சாயப்பட்டறையில் துணிக்கு ஏற்றும் சாயம் நீரில் கரைந்துதான் இருக்கிறது. நூலைக் கண்டதும் நீரை விட்டு நூலில் ஏறிக்கொள்கிறது. இங்கேயும் அப்படித்தான். பென்சால்கோனியம் நேர்மின்னூட்டம் கொண்ட தலையும் நீளமான கொழுப்பு வாலும் உள்ள பொருள். கசடு என்பது பெரும்பாலும் உயிருள்ளதும் செத்ததுமான நுண்ணுயிரிகள், அவை சுரந்த பிசின், அதில் மாட்டிய மற்ற அழுக்கு. சாதாரணக் கழிவுநீரின் பி.எச். அளவில் அதன் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. தலையை மின்னூட்டம் இழுக்கிறது, வாலுக்குக் கொழுப்புப் பகுதி இடம் தருகிறது. இரண்டு பக்கமும் பிடி இருப்பதால் இந்த வகை மருந்துகள் கசடில் வலுவாக ஒட்டும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எவ்வளவு ஒட்டும் என்ற எண்தான் இடத்துக்கு இடம் மாறும்.

கரைதிறனை மட்டும் பார்த்து முடிவு செய்தால் எப்படி ஏமாறலாம் என்பதற்கு இரண்டு மருந்துகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபைன் நீரில் கரைவதே அரிது. லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராமைத் தாண்டாது. 'கரையாத சரக்கு, கசடில்தான் போய்ச் சேரும்' என்றுதான் நினைக்கத் தோன்றும். நடப்பது தலைகீழ். கசடில் அது ஒட்டுவதே இல்லை எனலாம். சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி ஆறுகளில் அது கிடைப்பது உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. மறுபக்கம் சிப்ரோஃப்ளாக்சசின். எண்ணெயில் கரையும் போக்கே இல்லாத மருந்து, அதன் ஹைட்ரோகுளோரைடு உப்பு நீரில் நன்றாகக் கரையும், ஆனாலும் பெரும்பகுதி கசடில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கழிவுநீரில் ஒரு மருந்து இருப்பதே கரைதிறன் எல்லைக்கு ஆயிரம் மடங்கு கீழேதான். கார்பமசெபைனுக்குக்கூட லிட்டரில் மில்லிகிராம் கணக்கில் இடம் இருக்கிறது. கழிவுநீரில் வருவது மைக்ரோகிராம் கணக்கில். ஆகவே 'கரையுமா' என்ற கேள்வி அங்கே பெரும்பாலும் எழுவதே இல்லை.

விற்பவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாள் கேட்டு வாங்குங்கள், எஸ்.டி.எஸ். என்றால் அவருக்குப் புரியும். 9ஆம் பகுதியில் கரைதிறன் இருக்கும், 12ஆம் பகுதியில் சுற்றுச்சூழல் பற்றி எழுதியிருக்கும். 12ஆம் பகுதியில் மண்ணில் நகரும் தன்மைக்கு ஓர் எண் கொடுத்திருந்தால், அது அளந்ததா, ஆக்டனால்-நீர் பங்கீட்டை (எண்ணெய் போன்ற ஆக்டனாலுக்கும் நீருக்கும் இடையே பொருள் எப்படிப் பிரிகிறது என்பதை) வைத்துக் கணக்கிட்டதா என்று பாருங்கள். மின்னூட்டம் இல்லாத, எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். நேர்மின்னூட்டம் கொண்டதற்குப் பொருந்தாது. பென்சால்கோனியம் போல மேற்பரப்பில் குவியும் பொருள்களை ஆக்டனாலும் நீரும் கலந்த குடுவையில் அளப்பதே கோளாறு; அவை இரண்டுக்கும் நடுவில் போய் உட்காரும், நுரைக்கும், குழம்பாகும். கழிவுநீர்க் கசடுக்கும் சேர்த்தே எழுதப்பட்ட ஓ.இ.சி.டி. (பல நாடுகள் சேர்ந்த அமைப்பு) வெளியிட்ட 121 என்ற, எச்.பி.எல்.சி. (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) வழி மதிப்பீட்டு முறைகூட, மேற்பரப்பில் செயல்படும் பொருள்களுக்குத் தன்னைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அதனால் தாளில் உள்ள எண்ணைக் கண்டு நிம்மதி அடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

கரைதிறன் சோதனையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மருந்துக்கு அது தேவைப்படாது. ஓ.இ.சி.டி. 105 என்ற வழிமுறையில் இரண்டு வகை உண்டு. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கரையும் பொருள்களுக்குக் குடுவை முறை, அதற்குக் கீழே என்றால், பொருளைப் பூசிய மணிகள் அடைத்த குழாய் வழியே நீரை ஓடவிடும் பத்தி முறை. குடுவை முறையில் கரையக்கூடியதைவிட அதிகமாகப் பொருளைப் போட்டு, 30 டிகிரியில் வெவ்வேறு நாள் கணக்கில் குலுக்கி, பிறகு 20 டிகிரியில் ஒரு நாள் நிறுத்தி, தெளிந்த நீரை அளப்பார்கள். அடுத்தடுத்த அளவுகள் 15 சதவீதத்துக்கு மேல் விலகாமல் நின்றால் அது சமநிலை. பென்சால்கோனியம் போன்ற சோப்பு வகைப் பொருள்களில் ஒரு செறிவுக்கு மேல் மூலக்கூறுகள் தாமே கூடிச் சிறு உருண்டைகளாகிவிடும். நீர் தெளிவாகத் தெரிந்தாலும் அது வழக்கமான பொருளில் கரைசல் இல்லை. ஆகவே இந்த எண்ணுக்கு அங்கே அர்த்தமில்லை. நாளை நீங்கள் டிரைக்ளோசான் கலந்த சோப்பைப் பற்றிக் கேட்டால் கதை வேறு. அது 20 டிகிரியில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில்தான் கரையும், பி.எச். எட்டைத் தாண்டினால் கூடுதலாகக் கரையும், கசடில் நன்றாக ஒட்டவும் செய்யும். அப்போது தூய நீரில் ஒரு தடவை, வடிகட்டிய உங்கள் கழிவுநீரில் ஒரு தடவை என இரண்டு தடவை கரைதிறன் பார்க்கச் சொல்வேன். கழிவுநீரில் ஏற்கெனவே இருக்கும் சோப்பும் கரிமப் பொருளும் டிரைக்ளோசானைத் தூக்கிப் பிடித்துக்கொள்வதால் அங்கே எண் கூடுதலாக வரும். கோத்தகிரியின் ஜனவரித் தண்ணீருக்கு 20 டிகிரி என்பது கோடைக் கணக்கு என்பதால் 12 டிகிரியிலும் ஒன்று பார்ப்பது நல்லது.

இனி ஒட்டுதல். பள்ளிப் புத்தகத்தில் பரப்பு கவர்தல் என்று படித்திருப்பீர்கள். கசடுக்கென்றே எழுதப்பட்ட வழிமுறை ஐ.எஸ்.ஓ. 18749. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையிடமும் 835.1110 என்ற எண்ணில் ஒன்று உண்டு. மண்ணுக்கு எழுதப்பட்டது ஓ.இ.சி.டி. 106. ஆய்வுக்கூடங்கள் பழக்கதோஷத்தில் மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு வரும். கசடு என்று சொல்லி முதலாவதைக் கேளுங்கள். மூன்றிலும் அடிப்படை ஒன்றே. அளந்த கசடு, அளந்த நீர், அளந்த மருந்து. குலுக்கு, நிறுத்து, பிரி, நீரில் எவ்வளவு மிச்சம் என்று பார். ஒரு கிலோ உலர்ந்த கசடில் ஒட்டிய அளவை ஒரு லிட்டர் நீரில் எஞ்சிய அளவால் வகுத்தால் பங்கீட்டு எண் கிடைக்கும். அதன் அலகு கிலோவுக்கு லிட்டர். வார்த்தையில் இவ்வளவுதான். வம்பெல்லாம் செய்முறையில்.

முதல் வம்பு, கசடு உயிருள்ளது. குலுக்கும் நேரத்தில் நுண்ணுயிரிகள் மருந்தைத் தின்றுவிட்டால், நீரில் குறைந்ததையெல்லாம் 'ஒட்டிவிட்டது' என்று நாம் எழுதிவிடுவோம். அதனால் உயிரை நிறுத்த வேண்டும். சோடியம் அசைடு சேர்ப்பது ஒரு வழி. கடும் நஞ்சு, அமிலம் பட்டால் நச்சு வாயு வரும், செம்பு, ஈயக் குழாய்களில் ஊற்றினால் வெடிக்கும் உப்புகள் உருவாகும். விடுதியில் யாரும் அதைத் தொடக்கூடாது, ஆய்வுக்கூடத்தின் வேலை. உறையவைத்து உலர்த்தி, பிறகு 103 டிகிரியில் சூடாக்குவது அமெரிக்க முறை. அதில் உயிர் போவது நிச்சயம், கசடின் மேற்பரப்பு பழையபடி இருப்பது நிச்சயமில்லை. ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் கலனில்) வைத்தால் செல்கள் உடைந்து உள்ளே இருந்த பிசுக்கெல்லாம் நீருக்கு வரும். அந்தப் பிசுக்கு மருந்தைப் பிடித்துக்கொண்டு நீரில் மிதப்பதால், ஒட்டுதல் குறைவாகத் தெரியும். இன்னொன்று, உங்கள் உயரத்தில் ஆட்டோகிளேவ் முள் 15 பவுண்டைக் காட்டினாலும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் உள்ளே வெப்பம் 121 டிகிரிக்குச் சுமார் மூன்று டிகிரி குறைவாகத்தான் இருக்கும். மலையில் கருவி வைத்திருப்பவர்கள் நேரத்தைக் கூட்டி வைப்பது இதனால்தான். நான் அசைடும் குறைந்த நேரமும் என்ற கூட்டணியைத்தான் விரும்புவேன். அசைடும் எல்லாவற்றையும் நிறுத்தாது, ஆகவே இரண்டு மணி, ஆறு மணி, ஒரு நாள் என்று முதலில் ஒரு நேரச் சோதனை செய்து, அளவு எங்கே தட்டையாகிறது என்று பார்த்து, அதற்கு மேல் குலுக்காமல் நிறுத்திக்கொள்வது உத்தமம். தட்டையான பிறகும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போனால் அது ஒட்டுதல் இல்லை, யாரோ தின்கிறார்கள்.

இரண்டாவது வம்பு, மருந்து கசடில் மட்டும் ஒட்டாது, பாட்டிலிலும் ஒட்டும். கண்ணாடியின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டதுதான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே வேலை செய்யும்போது பாட்டில் சுவரும் வடிகட்டித் தாளும் கணிசமான பங்கை விழுங்கும். எனவே கசடே இல்லாமல் நீரும் மருந்தும் மட்டும் வைத்த பாட்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். வடிகட்டுவதைவிட சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிப் பிரிப்பது மேல். வடிகட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் வரும் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு எதிர்மின்னூட்டம் கொண்ட வகை. அது மிச்சமிருந்தால் மருந்தோடு ஜோடி சேர்ந்து எண்ணைக் கெடுக்கும். மெத்தனாலில் அலசச் சொல்லுங்கள். இதையெல்லாம் நீங்கள் சொன்னால் ஆய்வுக்கூடத்துக்காரர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

மூன்றாவதை வெளி ஆய்வுக்கூடங்கள் அடிக்கடி மறப்பார்கள். உங்கள் நிலையத்துக் கசடில் ஏற்கெனவே மருந்து இருக்கிறது. தினமும் அதைத்தானே ஊற்றுகிறீர்கள்! மருந்து சேர்க்காத கசடை மட்டும் குலுக்கி, அதிலிருந்து எவ்வளவு வருகிறது என்று பார்க்காமல் போட்ட கணக்கு முழுக்க நகர்ந்துவிடும். கூடவே, நீரில் குறைந்ததை வைத்து ஒட்டியதை ஊகிக்காமல், கசடையும் அமிலம் சேர்த்த மெத்தனாலில் பிழிந்து நேராக அளக்க வேண்டும். நீரில் உள்ளது, கசடில் உள்ளது, சுவரில் போனது மூன்றையும் கூட்டினால் போட்ட அளவில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் வந்தால் எண்ணை நம்பலாம். 60 சதவீதம்தான் வருகிறது என்றால், மீதி எங்கே என்று தெரியும்வரை அந்த அறிக்கையை ஓரமாக வையுங்கள்.

செறிவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். அளக்க எளிது என்பதற்காக லிட்டருக்கு 100 மில்லிகிராம் போட்டால் கசடின் மேற்பரப்பு நிரம்பி வழியும், பங்கீட்டு எண் குறைவாக வரும். உண்மையில் உங்கள் தொட்டிக்கு வருவது அதில் நூறில் ஒரு பங்காக இருக்கலாம். அந்த இடத்தில் எண் பெரிதாக இருக்கும். ஒரே எண் எல்லாச் செறிவுக்கும் பொருந்தாது என்பதால்தான் ஐந்து செறிவுகளிலாவது செய்து ஃபிராய்ண்ட்லிக் வளைகோடு (செறிவு மாற மாற ஒட்டுதல் எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு) போடுகிறார்கள். அத்தோடு பென்சால்கோனியம் என்பது ஒற்றைப் பொருள் இல்லை. 12, 14, 16 கார்பன் நீளமுள்ள வால்களின் கலவை. வால் நீள நீள ஒட்டுதல் கூடும். மொத்தமாக ஓர் எண் கொடுக்கும் பழைய நிறமானி முறையில் இது தெரியாது. எச்.பி.எல்.சி.யில் தனித்தனிச் சிகரமாக வரும். கழிவுநீரின் குறைந்த செறிவுக்கு எல்.சி.-எம்.எஸ். என்ற இன்னும் நுணுக்கமான கருவி தேவைப்படும். செலவு அங்கேதான் ஏறும்.

ஒட்டியது திரும்பி வருமா என்பதையும் கேளுங்கள். அதே கசடின் மேல் உள்ள நீரை எடுத்துவிட்டு மருந்தில்லாத நீரை ஊற்றிக் குலுக்குவது தான் சோதனை. மழையில் நனையும் வயலுக்கு அது முக்கியம். ஏறியதைவிட இறங்குவது மெதுவாகவும் குறைவாகவும் இருப்பதே இந்த வகை மருந்துகளில் வழக்கம்.

இனி எண் கையில் வந்த பிறகு பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம். உதாரணத்துக்குப் பங்கீட்டு எண் கிலோவுக்கு 3,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது நான் கணக்குக்காக எடுத்த எண், உங்கள் கசடின் எண் இல்லை. காற்றூட்டத் தொட்டியில் லிட்டருக்கு 3 கிராம் கசடு இருந்தால், பெருக்கினால் ஒன்பது. அதாவது தொட்டிக்குள் எந்த நேரத்திலும் பத்தில் ஒன்பது பங்கு மருந்து கசடில் இருக்கும். உடனே 'ஆஹா, 90 சதவீதம் கசடோடு வெளியேறுகிறது' என்று எழுதிவிடுவார்கள். தவறு. தொட்டியில் இருக்கும் கசடு சுற்றிச் சுற்றி அங்கேயேதான் இருக்கிறது. ஒரு தடவை நிரம்பிவிட்டால் அதன் பங்கு முடிந்தது. மருந்தை வெளியே கொண்டுபோவது நீங்கள் அவ்வப்போது எடுத்துக் கொட்டும் உபரிக் கசடு மட்டுமே. அது உள்ளே வரும் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் 0.2 கிராம் அளவில்தான் உருவாகும். 3,000 லிட்டர், 0.2 கிராம்: பெருக்கினால் 0.6. அதை 1.6 ஆல் வகுத்தால் 37 சதவீதம் சொச்சம். சிதைவு இல்லை என்று வைத்துக்கொண்டால் மருந்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கசடோடு போகும், மீதி நீரோடு. இதே கணக்கில் பங்கீட்டு எண் 500 என்றால் கசடோடு போவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு, 20,000 என்றால் 80 சதவீதம். விற்பவர் சொன்னதும் தப்பு, அவசரக்காரரின் 90 சதவீதமும் தப்பு.

இன்னும் ஒரு படி. நாளுக்கு 10 சதவீத மருந்து 100 மில்லிலிட்டர் ஊற்றுகிறீர்கள் என்றால் அதில் சரக்கு 10 கிராம். 20,000 லிட்டரில் அது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். கேட்டால் ஒன்றுமில்லை போலிருக்கும். நாளுக்கு உருவாகும் உலர் கசடு 4 கிலோ. மேலே சொன்ன 37 சதவீதம் அதில் ஏறினால் கிலோவுக்கு 900 மில்லிகிராமுக்கு மேல் வரும். நீரில் அரை மில்லிகிராமாக இருந்தது கசடில் ஆயிரத்தைத் தொடுகிறது. சிதைவைச் சேர்த்தால் இது குறையும், சீசனில் கைநிறைய ஊற்றினால் கூடும். கிளாரிஃபையரில், அதாவது கசடைப் படியவைக்கும் தொட்டியில், கசடு சரியாகப் படியாமல் நிலையத்தை விட்டு வெளியேறும் வெளிநீரில் வழிந்தால், 'சுத்திகரித்த' நீரே இந்தக் கசடைச் சுமந்துகொண்டு ஓடையில் இறங்கும். கோத்தகிரி ஓடைகள் மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில்தானே சேர்கின்றன.

மலைக்கென்று சில விஷயங்கள். நம் ஊற்று நீரும் ஓடை நீரும் மென்னீர், கால்சியம் குறைவு. கசடில் மருந்து பிடிக்கும் அதே இடங்களுக்குக் கால்சியமும் போட்டி போடும். ஓ.இ.சி.டி. 106 முறையில் பயன்படுத்தும் கால்சியம் குளோரைடு கரைசலில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நம் தண்ணீரில் இருப்பதைவிட அது பல மடங்கு. அந்தக் கரைசலில் சோதித்தால் நேர்மின்னூட்ட மருந்தின் ஒட்டுதல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். வடிகட்டிய உங்கள் வெளிநீரிலேயே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். குளிரும் கணக்கில் வர வேண்டும். சமநிலை வர நேரம் கூடும், சிதைவு மெதுவாகும். விடுதியில் சலவை இருந்தால் இன்னொரு சிக்கல். துணி சோப்பின் எதிர்மின்னூட்டப் பொருள் பென்சால்கோனியத்தோடு ஜோடி சேர்ந்து, கரையாத வெள்ளைக் கலங்கலாகப் படியும். கரையும் என்று விற்ற சரக்கு கரையாததாக மாறுவது அந்த இடத்தில்தான். சலவை நாளிலும் சலவை இல்லாத நாளிலும் தனித்தனியாக மாதிரி எடுங்கள். மே மாதக் கூட்டத்தில் ஒன்று, ஐப்பசி மழையில் ஒன்று. ஒரே நாளில் எடுத்த ஒற்றை மாதிரி அந்த நாளைப் பற்றி மட்டுமே பேசும்.

மாதிரி கோயம்புத்தூருக்குப் போவதானால், கேனைப் பாதிதான் நிரப்புங்கள், ஐஸ் பெட்டியில் வையுங்கள், அன்றைக்கே சேரும்படி பாருங்கள். மூடிய கேனில் கசடு சில மணி நேரத்தில் மூச்சடைத்து அழுகத் தொடங்கும். மலையில் இறுக்கி மூடிய பிளாஸ்டிக் பாட்டில் கீழே போய்ச் சேரும்போது ஒடுங்கிக் கிடந்தால் பயப்படாதீர்கள், காற்றழுத்த வித்தியாசம்தான் காரணம்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகுமுன் நீங்களே கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஓட்டல் சமையலறைகளில் இந்த வகைக் கிருமிநாசினியின் செறிவு பார்க்கப் பட்டைகள் விற்கிறார்கள், லிட்டருக்கு 400 மில்லிகிராம் வரை காட்டும். கையுறை போட்டுக்கொண்டு, மூன்று பாட்டில் எடுங்கள். ஒன்றில் ஊற்று நீர், ஒன்றில் உங்கள் தெளிந்த வெளிநீர், ஒன்றில் படியவைத்த கெட்டிக் கசடு. மூன்றிலும் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வருமாறு மருந்தைச் சேர்த்து, ஒரு மணி நேரம் அவ்வப்போது ஆட்டி, படியவிட்டு, மேல் நீரில் பட்டையை நனையுங்கள். ஊற்று நீரில் பட்டை நன்றாக நிறம் மாறும், கசடு பாட்டிலில் வெகுவாக மங்கும். வெளிநீர்ப் பாட்டிலிலும் மங்கினால், உங்கள் சோப்பு மருந்தோடு ஜோடி சேருகிறது என்று பொருள். இது விற்பவரிடம் காட்டப் போதும், பங்கீட்டு எண் சொல்லப் போதாது. தொட்டியில் உள்ள உண்மையான செறிவைப் பட்டை காட்டவே காட்டாது. சோதித்த பாட்டில்களை மொத்தமாகத் தொட்டியில் கவிழ்க்க வேண்டாம், நுண்ணுயிரிகளுக்கு அது ஒரே நாளில் அதிக டோஸ்.

சோதனை சொல்லாததையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுதல் சோதனை மருந்து எங்கே இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு காலம் இருக்கும் என்று சொல்லாது. காற்றோட்டமுள்ள தொட்டியில், பழகிய நுண்ணுயிரிகள் பென்சால்கோனியத்தைச் சிதைக்கும். கசடில் ஒட்டியதைச் சிதைப்பது மெதுவாக நடக்கும். காற்றில்லாத இடத்தில், அதாவது செப்டிக் டேங்கிலும் மூடிவைத்த கசடுக் குழியிலும், அது கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும். ஆகவே உங்கள் கசடு காற்றூட்டத் தொட்டியிலிருந்து நேராக வந்ததா, குழியில் மாதக்கணக்கில் கிடந்ததா என்பது பங்கீட்டு எண்ணைப் போலவே முக்கியம். கேரட் வேருக்குள் எவ்வளவு ஏறும் என்பதற்கு வயல் சோதனைதான் வழி. நீலகிரியின் புளிப்பு மண் கசடைப் போல நடந்துகொள்ளும் என்று நான் எழுதித் தரமாட்டேன். உர ஒழுங்குமுறை ஆணையில் நகரக் கம்போஸ்டுக்குக் காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஈயம் 100, பாதரசம் 0.15 என்று உலோகங்களுக்கு எல்லை உண்டு. பென்சால்கோனியத்துக்கு எல்லை கிடையாது. அதனால் எந்த ஆய்வுக்கூடமும் 'பாஸ்' என்று முத்திரை குத்தித் தர முடியாது. குத்தித் தந்தால் எதை வைத்து என்று கேளுங்கள்.

கேரட்டைப் பொறுத்தவரை என் பதில் மருந்தை வைத்து இல்லை. பச்சையாகத் தின்னும் கிழங்கு அது; மண்ணுக்குள்ளேயே விளைகிறது. மனிதக் கழிவுக் கசடில் இருக்கும் குடல் புழு முட்டைகள் மாதக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். நன்றாகச் சூடேறி மக்காத கசடைக் கேரட், பீட்ரூட், முள்ளங்கி வயலுக்குக் கொடுக்கவே வேண்டாம், மருந்து அதில் பூஜ்யமாக இருந்தாலும். தோட்டக்காரரிடம் இதை நேராகச் சொல்லிவிடலாம், அவருக்குக் கோபம் வராது. விடுதியின் பூச்செடிகளுக்கோ சவுக்கு வேலிக்கோ போட நினைத்தால், அப்போது மேலே சொன்ன சோதனைக்குப் பணம் செலவழிப்பதில் பொருள் இருக்கிறது.

செலவழிக்கத் தயாரென்றால் ஆய்வுக்கூடத்திடம் இப்படிக் கேளுங்கள்: ஐ.எஸ்.ஓ. 18749 முறை, எங்கள் கசடு, எங்கள் வெளிநீர், 15 டிகிரி, லிட்டருக்கு 0.1 முதல் 10 மில்லிகிராம் வரை ஐந்து செறிவுகள். கசடில்லாத பாட்டில், மருந்தில்லாத கசடு இரண்டும் சேர்த்து. வால் நீளம் மூன்றுக்கும் தனி எண். நீர், கசடு, சுவர் மூன்றின் கூட்டுத்தொகை போட்ட அளவில் எத்தனை சதவீதம் என்று அறிக்கையில் எழுதித் தர வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் கடைசி இரண்டுக்கும் சம்மதம் வாங்கிவிடுங்கள். அதற்கும் முன்னால், இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று. தரைக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று பாட்டிலில் எழுதியிருக்கிறதோ அந்த அளவு மூடியில் அளந்துதான் ஊற்றப்படுகிறதா, கைக்கணக்கில் ஊற்றப்படுகிறதா என்று துப்புரவு செய்யும் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்.